அக்கா கெடுத்த கேபிள்

அக்காவின் காரில் ஏறியதும் இருக்கை வாரைப் போடுவதற்கு முன்பே கைப்பேசியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடு என்று சொல்லமாட்டார். ஸ்டியரிங்கில் ஒரு கை இருக்கும், மறு கை என் பக்கம் நீளும். வாங்கி எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று பார்ப்பார். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் முகம் மாறிவிடும்.

“ராத்திரி சார்ஜ் போடலையா?”

“போட்டேன்க்கா. ஏறல.”

“ஏறலைன்னா ஏன் ஏறலைன்னு பாத்தியா?”

நான் பார்த்திருக்கமாட்டேன். கேபிளை ஒரு பக்கமாக வளைத்து, அது நகராதபடி ரப்பர் வளையம் போட்டு, மின்னல் குறி தெரிந்ததும் மூச்சுவிடாமல் மேசையில் வைத்துவிட்டுப் படுத்திருப்பேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். அக்காவால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. ‘இப்படிப் பிடிச்சா வேலை செய்யும்’ என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபமே வந்துவிடும்.

நாங்கள் இருவரும் சுங்கைப்பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். வீடு திகாம் பத்துவில், ஒரே தாமானில் இரண்டு வீட்டு வரிசை தள்ளி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கும், ஆறேகாலுக்கே கிளம்பிவிடுவோம். மூன்று வருடம் அவருடைய பழைய சிவப்புக் காரில் போய்வந்திருக்கிறேன். வியாழக்கிழமை மட்டும் காரை அவருடைய கணவர் எடுத்துக்கொள்வார். அன்றைக்கு நாங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் போவோம்.

முதல் வாரத்திலேயே என் கைப்பேசி அவர் காரில் சார்ஜ் ஏறவில்லை. “காடிதான் ரோசாக் போலக்கா” என்று சொல்லிவிட்டேன். கார் கெட்டுப்போச்சு என்று குறை சொன்னதற்காக இல்லை, பார்க்காமலே சொன்னதற்காக அவருக்குச் சுருக்கென்று வந்தது. தொழிற்சாலை வாசலில் வண்டியை நிறுத்தினார். உள்ளே போக இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. சிகரெட் பற்றவைக்கும் குழியில் செருகியிருந்த குட்டி சார்ஜரைப் பிடுங்கி, குழிக்குள் விரலை விட்டு ஒரு பத்து காசை வெளியே எடுத்தார். மறுபடி செருகினார். என் கேபிளில் தன் கைப்பேசியை மாட்டினார். ஏறியது. தன் கேபிளை என் கைப்பேசியில் மாட்டினார். ஏறவில்லை.

“இப்ப சொல்லு. காடியா, கேபிளா, போனா?”

“போன்தான்.”

“ஒன்ன மட்டும் மாத்தணும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும். ரெண்டயும் சேத்து மாத்துனா எதுல கோளாறுன்னு தெரியாமயே போயிரும்லா.”

கைப்பேசியை அடைத்துவிட்டு (அணைப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), கொண்டையில் செருகியிருந்த பல்குத்தும் குச்சியை எடுத்து, சார்ஜர் துளைக்குள் மெதுவாகச் சுரண்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை வந்தது. என் ஜீன்ஸ் பையின் பிசிறு, இரண்டு வருடத்துச் சேகரம். கேபிளின் வாய் அதற்குமேல் உள்ளே போக முடியாமல் இருந்திருக்கிறது. சுத்தம் செய்தபின் ‘டொக்’ என்று உட்கார்ந்தது. ஊசியை மட்டும் விட்டுடாதே, உள்ள இருக்கிற தகடு வளைஞ்சிரும் என்றார். பிறகு அந்தக் குச்சியைத் துடைத்து மறுபடி கொண்டையிலேயே செருகிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது மொத்தம் நாலைந்து தடவைதான் இருக்கும்.

அதற்குப் பிறகு லைனில் இருந்த பெண்களெல்லாம் அவரிடம் கைப்பேசியைக் கொண்டுவந்தார்கள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்தால் சூடேறி சார்ஜ் தானாக நின்றுவிடும் என்பார். வழிகாட்டும் வரைபடத்தையும் பாட்டையும் ஒன்றாக ஓடவிட்டு, ஏறும் சார்ஜைவிட இறங்குவது அதிகமாக இருந்தால் எந்தக் கேபிள் என்ன செய்யும் என்பார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கேபிளைக் கையில் எடுத்ததுமே கழுத்துப் பக்கத்தை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். “இங்கதான் போகும். எப்பவும் கழுத்துலதான்.”

தொழிற்சாலையில் அவருக்குச் சோதனைப் பிரிவு. கம்பிக் கட்டுகளில் எங்கே இணைப்பு விட்டிருக்கிறது என்று பார்ப்பது வேலை. அங்கே அவர் பெயரெடுத்தவர். அந்தப் பெயரால் நடந்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் முழுக்க எங்கள் லைனில் பத்துக்கு ஒரு கட்டு திரும்பி வந்தது. சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. மேலாளர்கள் இயந்திரத்தை மாற்றினார்கள், கம்பிச் சுருளை மாற்றினார்கள். அக்கா கேட்காமலே உட்கார்ந்து, ஒவ்வொரு மேசையிலிருந்தும் தனித்தனியாக எடுத்துச் சோதித்தார். மூன்றாவது நாள் நாலாம் மேசை என்று கண்டுபிடித்தார். அங்கே இருந்தவர் இருபது வருடமாக வேலை செய்த ஒரு மலாய்க்கார அம்மா. கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் விரலால் தடவியே வேலை செய்துகொண்டிருந்தார். அடுத்த மாதம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போகிற அன்று அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அக்கா தலையாட்டினார். காரில் வரும்போது நான் கேட்டேன்.

“கண்டுபிடிக்காம இருந்திருக்கலாம்லக்கா?”

குருண் பக்கம் போகும் லோரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அக்கா ஓரமாக ஒதுங்கி அவற்றுக்கு வழிவிட்டார்.

“எனக்கு அப்படி இருக்கத் தெரியலையே,” என்றார்.

தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் வரிசையாக இரும்புப் பெட்டிகள் இருக்கும், பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்து மணிக்கு, ஒரு மணிக்கு, நாலு மணிக்கு இடைவேளை. மணி அடித்ததும் எல்லாரும் கேண்டீனுக்குப் போவார்கள், அக்கா பெட்டிக்கு ஓடுவார். கைப்பேசியை எடுத்துத் தவறிய அழைப்பு இருக்கிறதா என்று பார்த்து, கணவருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு, பதில் வந்தபின்தான் சாப்பிட வருவார். சிலர் கேலி செய்வார்கள். புதுப்பெண் மாதிரி என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்த மழை நாள் வரைக்கும்.

அன்றைக்கு அக்காவுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. ஷிப்ட் முடிந்து நான் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன். போனில் சொன்னதும் அக்கா தன் கணவரை அனுப்பினார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மசாலாத் தூள் கம்பெனி ஒன்றுக்கு விற்பனையாளர், கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பவர். கடைக்காரர்களிடம் நன்றாகப் பேசுவார் என்று கேள்வி. வீட்டில் நான் அவர் குரலை அதிகம் கேட்டதில்லை. மழை கண்ணாடியில் கொட்டியது. வழியெல்லாம் வண்டிகள் நின்று நின்று போயின. நான் ஏறியதும் பழக்கத்தில் கைப்பேசியை அவரிடம் நீட்டிவிட்டேன்.

அவர் அதை வாங்காமல் பார்த்தார். “ஒன்னயும் பழக்கிட்டாளா?” என்றார். சிரிப்பதுபோல் ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டார். பிறகு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்திருக்கிறாள். ஏழு வயது. அப்போது அலோர்ஸ்டார் பக்கம் குடியிருந்தார்கள். அக்கா அங்கேயும் ஒரு தொழிற்சாலையில்தான் இருந்தார். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மூன்றாவது நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, அக்கா வேலைக்குப் போய்விட்டார், அண்ணன் வீட்டில் இருந்தார். மதியம் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்லி வாந்தி எடுத்தாள். பிறகு தூங்கிவிட்டாள். தூங்கினால் நல்லதுதான் என்று அவர் நினைத்தார். ஐந்து மணிக்கு எழுப்பினால் கை கால் சில்லிட்டிருந்தது. டெங்கி. மறுநாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கேயே தகனம் செய்து, சாம்பலைக் கோலா கெடா கழிமுகத்தில் கரைத்தார்கள்.

“காரியமெல்லாம் முடிஞ்சப்பறம் பிள்ளையோட பள்ளிக்கூட நோட்டு ஒன்ன எடுத்தா. கடைசிப் பக்கத்துல மணி மணியா எழுதுனா. பத்து மணிக்கு என்னா சாப்ட்டா, பதினொன்னுக்கு எப்படி இருந்தா, எத்தன தடவ வாந்தி. ஒவ்வொன்னா கேட்டா, நானும் சொன்னேன். மூணு நாளு எழுதுனா. அப்பறம் ஒரு எடத்துல விரல வச்சு, ‘இங்கதான்’னா. ரெண்டு மணி. அதுக்குமேல ஒரு வார்த்த இல்ல. நோட்ட மூடிட்டா.”

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. அவரும் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினார்.

“திட்டியிருந்தா பரவால்லம்மா. அடிச்சிருந்தாக்கூட பரவால்ல. ஆறு வருசம் ஆச்சு, இன்ன வரைக்கும் ஒரு சொல்லு சொன்னதில்ல. சோறு போடுறா, சட்ட அயன் பண்ணி வைக்கிறா, மூணு வேள மெசேஜ் அனுப்புறா. ரெண்டு மணிக்கு நான் அவளுக்குப் போன் பண்ணேன். நாலு தடவ. ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டுப் போவட்டுமான்னு கேக்கலாம்னுதான். போன் பொட்டியில இருந்திருக்கு. சரி, அவ கூப்புடட்டும்னு இருந்துட்டேன். இருந்துட்டேன்லா.”

தாமான் முனையில் என்னை இறக்கிவிட்டு, “அக்காகிட்ட சொல்லாத,” என்றார். சொல்லமாட்டேன் என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன். அதைப்போல நான் வருத்தப்பட்டு நினைக்கும் காரியம் வேறொன்றுமில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. முக்கியமாக வியாழக்கிழமைகள். வியாழனன்று அண்ணனுக்கு அலோர்ஸ்டார் சுற்று. பத்து மணிச் செய்திக்குப் பதில் வரும். ஒரு மணிக்கு அக்கா அனுப்புவது போய்ச் சேராது, ஒற்றை டிக்கோடு நிற்கும். நாலு மணிக்கும் அப்படித்தான். ஆறு மணிக்குமேல்தான் எல்லாம் சேர்ந்து போகும். “பேட்டரி செத்துப்போச்சு. காடியில கேபிள் லூசா இருக்கு, ஏற மாட்டேங்குது,” என்று அண்ணன் சொல்வார்.

காரில் உள்ள கேபிள் லூசு என்று அக்காவிடமே ஒருவர் சொல்கிறார். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஷிப்ட் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் அக்கா வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. மடியில் அண்ணனின் பழைய கைப்பேசி ஒன்று, தன்னுடையது, என்னுடையது. குழி, குட்டி சார்ஜர், கேபிள், ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி மாட்டினார். வண்டியை அணைத்துப் பார்த்தார், ஓடவிட்டுப் பார்த்தார். கேபிளைப் பிடித்து ஆட்டினார். எல்லாவற்றிலும் ஏறியது. ஆட்டினாலும் ஏறியது.

“எல்லாம் நல்லாருக்கு,” என்றார்.

நான் கண்ணாடி வழியே வெளியே பார்த்தேன். வேறொரு பெண் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. அது அக்காவுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

“சீ, அதெல்லாம் இல்ல. எங்க போறாருன்னு எனக்குத் தெரியும். கால்மிதியில சேறு ஒட்டியிருக்கு, கண்ணாடியில உப்பு பூத்திருக்கு. கோலா கெடாவுக்குத்தான் போறாரு. பிள்ளைய அங்கதான் கரைச்சோம்.”

மகளைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தெரியும் என்பதையும் அவர் ஊகித்திருப்பார் போல, ஒன்றும் விளக்கவில்லை.

“நீங்களும் கூடப் போலாமேக்கா?”

“கூப்புடலையே. போன அடைச்சிட்டுப் போறாரு. நான் இல்லாம போகணும்னுதானே அடைக்கிறாரு.”

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் அவரைத்தான் குற்றவாளி ஆக்கினீர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். வாக்கு கொடுத்திருக்கிறேனே என்று வாயை மூடிக்கொண்டேன். புருசன் பெண்டாட்டி விஷயத்தில் நாம் யார் என்றும் நினைத்தேன்.

அக்கா கேபிளைக் கையில் எடுத்தார். வாய்க்கு அருகே, கழுத்துப் பகுதியை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து மடக்கினார். நிமிர்த்தினார். மறுபடி மடக்கினார். நான் என்ன செய்கிறார் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது தடவை, முப்பது தடவை. மேல் தோல் கிழியாமல், உள்ளே இருக்கும் செப்பு இழை மட்டும் அறும்படி எந்த அளவு மடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நடுநடுவே கைப்பேசியில் மாட்டிச் சரிபார்த்தார். கடைசியில் மின்னல் குறி வந்து வந்து போயிற்று. ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் மட்டும் நின்றது.

“என்னாக்கா பண்றீங்க?”

“கேபிள் லூசுன்னு சொல்றாரு. லூசாவே இருந்துட்டுப் போவட்டும். பொய் சொல்லிட்டு வீட்டுக்குள்ள வர்றப்ப அவரு மூஞ்சியப் பாக்க முடியல.”

கேபிளைச் சுருட்டி, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார். வண்டியைக் கிளப்பினார். எனக்கு அன்று அவரை மிகவும் பிடித்தது. ஒரு கோளாறைத் தெரிந்தே விட்டுவைக்கிறார், அதுவும் தானே உண்டாக்கி. நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். யாராவது கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஐந்து வாரம் போயிருக்கும். அது ஒரு வியாழன். நாலு மணிக்கு நல்ல மழை. இடைவேளையில் அக்கா பெட்டிக்குப் போய்த் திரும்பி வந்து, கேண்டீன் பலகாரத்தை என்னோடு பாதியாகப் பிட்டுத் தின்றார். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது ஏதோ தட்டச்சு செய்து அனுப்பினார். நான் எட்டிப் பார்க்கவில்லை. திகாம் பத்து முச்சந்தியில் இறங்கிக் குடையை விரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

போலீஸ். அண்ணனின் சட்டைப் பையில் இருந்த கம்பெனி அட்டையைப் பார்த்து, கம்பெனியிடம் கேட்டு அக்காவின் எண்ணை வாங்கியிருக்கிறார்கள். கோலா கெடாவில் மீன் சந்தையைத் தாண்டி ஆற்றோரமாக வண்டி நின்றிருக்கிறது. மழைக்குக் கண்ணாடி ஏற்றப்படாமல் இருந்ததைப் பார்த்து ஐந்து மணி வாக்கில் ஒருவர் போய்த் தட்டியிருக்கிறார்.

அக்கா குடைக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். போன் எங்கே இருந்தது, உயிரோடு இருந்ததா? அந்தப் பக்கம் இருந்தவருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. அக்கா மறுபடி கேட்டார். அவர் போன், போன், அது எரிந்துகொண்டிருந்ததா, அணைந்திருந்ததா?

அணைந்திருந்தது என்று சொன்னார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொண்டேன். கார் நிறுத்துமிடத்தில் அவர் செய்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

மாரடைப்பு என்றார்கள். மதியம் வாக்கில் வந்திருக்கலாம், கொஞ்ச நேரம் வலியோடு இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அண்ணனின் தமையன் சொன்னார். காரையும் அவர்தான் ஓட்டிவந்து வீட்டு முன்னால் விட்டார். கேபிள் குட்டி சார்ஜரில் மாட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது. போலீஸ் கொடுத்த பிளாஸ்டிக் பையில் பணப்பை, கைக்கடிகாரம், கைப்பேசி. அக்கா அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். இழவுக்கு வந்தவர்கள் அவர் அழவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அவர் என்னிடமும் பேசவில்லை.

அக்கா இப்போது இந்த ஊரில் இல்லை. கருமாதி முடிந்த மாதமே வேலையை விட்டார். காரை விற்றுவிட்டு ஈப்போவில் தம்பி வீட்டுக்குப் போனார். முதலில் எப்போதாவது பேசுவோம். இப்போது தீபாவளிக்கு ஒரு வாழ்த்து வரும், அதுவும் படமாக. நான் சொல்லிக்கொண்டிருப்பது கருமாதிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை. சமையலறை மேசையில் அந்தப் பை. அதிலிருந்து கைப்பேசியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“உக்காரு. ஒன்னு செய்யணும், தனியா முடியல.”

“என்னாக்கா?”

“அணைஞ்சிருந்துச்சுன்னு சொன்னாங்கல்ல. ரெண்டு விதமா அணையும். சார்ஜ் தீந்து தானா அணைஞ்சிருந்தா, இப்ப அமுக்குனா எரியாது. அவரே அடைச்சிருந்தா எரியும். அன்னையிலேர்ந்து யாரும் தொடல. அடைச்சு வச்ச போன்ல பத்து பன்னெண்டு நாள்ல பெருசா ஒன்னும் எறங்காது.”

எரியவில்லை என்றால், வலி வந்தபோது அவர் அந்தக் கேபிளோடு போராடியிருக்கிறார் என்றாகிவிடும். அழுத்திப் பிடித்து, மின்னல் குறி வந்து போய், வந்து போய்.

“வேணாம்க்கா. பாத்து என்னா ஆவப்போவுது?”

“பாக்காம இருக்க முடியல,” என்றார். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. அக்கா யாரிடமும் கெஞ்சியவர் இல்லை.

பொத்தானில் கட்டைவிரலை வைத்தார். அழுத்தினார். மேசைமேல் ஒன்றும் நடக்கவில்லை. நான் மனதுக்குள் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகமில்லை. அவர் விரலை எடுக்கவில்லை. அப்புறம் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. திரை வெளுத்தது. ஓரத்தில் எண் தெரிந்தது. அறுபத்தெட்டு விழுக்காடு.

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். கேபிள் இல்லை, கேபிள் காரணமில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆறுதல் எதுவும் வரவில்லை.

“அவராத்தான் அடைச்சிருக்காரு,” என்றார். “அறுவத்தெட்டு இருக்கு. கேபிளே தேவப்பட்டிருக்காது. என்கிட்டேர்ந்து தப்பிச்சு கொஞ்ச நேரம் உக்காரத்தான் அடைச்சிருக்காரு. நெஞ்சு வலிச்சப்பக்கூட என்னக் கூப்புடணும்னு தோணல பாரு.”

அப்போதுதான் நான் சொன்னேன். மழையில் அண்ணன் என்னிடம் பேசியதை, நோட்டை, இரண்டு மணியை, ‘இங்கதான்’ என்று அக்கா விரல் வைத்ததை. இத்தனை வருடமாக அந்த விரல் தன்னைத்தான் காட்டியது என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்ததை.

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“அவரயா?”

“ஆமாக்கா.”

“ரெண்டு மணிக்கி எழுதியிருந்தது என்னா தெரியுமா? ‘போன் பண்ணேன், எடுக்கல.’ அதுலதான் நான் விரல வச்சேன். போன் எடுக்காதது நான். பொட்டியில போட்டுப் பூட்டிட்டு உள்ள போனது நான். அவர எங்க நான் சொன்னேன்? அவர நான் சொல்லவே இல்லையே.” கொஞ்சம் நிறுத்தி, “ஒனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?” என்று கேட்டார்.

“ஒரு வருசமா,” என்றேன்.

அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார் என்று காத்திருந்தேன்.

அதற்குள் கைப்பேசிக்கு இணைப்பு கிடைத்துவிட்டது. மேசைமேல் அது ‘டிங்’ என்றது. திரையில் அக்காவின் பெயர், அதன்கீழ் அந்த வியாழனன்று மதியம் அவர் அனுப்பியது.

‘மணி ஒன்னாச்சு. சாப்ட்டீங்களா?’

மறுபடி ஒரு ‘டிங்’.

‘இங்க நல்ல மழை. கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு உக்காருங்க.’

நான் எடுத்து அணைக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிறிது நேரம் ஒன்றும் வரவில்லை, முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு பஸ்ஸில் அவர் தட்டச்சு செய்தது வந்தது.

‘மெதுவாவே வாங்க. ஒன்னும் அவசரமில்ல.’